கருணைக் கத்திக்குக் கூடம் அடித்தவன்

பேய் இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. போன ஜூன் மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான். கல் உடைத்த அப்பனுக்குப் பிறந்து, பன்னிரண்டு வயதில் உலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். பசிக்குப் பயந்திருக்கிறேன். பாம்புக்குப் பயந்திருக்கிறேன். இருட்டுக்குப் பயந்ததில்லை. இது இருட்டில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல். மத்தியானம் ஒன்று இருபதிலிருந்து சாயங்காலம் ஐந்து ஐந்து வரை. நேரத்தை நானே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

என் பெயர் வன்னியராஜ். திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலத்துக்குக் கீழே, ஆற்றோரமாக ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் பட்டறை. லாரியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்கிறேன். மீன் வெட்டும் கத்தி, தேங்காய் வெட்டும் கத்தி, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. சாலை பஜாரில் இரும்புக் கடைகளில் என் கத்திகள் தொங்கும்.

இருபத்திரண்டு வருடம் எனக்குக் கூடம் அடித்தது என் அண்ணன் ராஜமணி. கூடம் என்றால் இரண்டு கையாலும் தூக்கி அடிக்கும் பெரிய சம்மட்டி. பட்டறை வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அடிக்கும்போது நாங்கள் பேசுவதில்லை. பேசினாலும் காதில் விழாது. நான் இடது கையில் குறடால் சிவந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருக்கும் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவேன். டிங். எங்கே தட்டினேனோ அங்கே அண்ணனுடைய கூடம் விழும். டம். டிங்... டம். டிங்... டம். அவன் இரண்டு அடிக்கு நடுவில் என் தட்டுக்கு இடம் விடுவான். வேலை முடிந்ததும் இரும்பில் தட்டாமல், அதைத் தாங்கும் அடைகல்லின் வெறும் ஓரத்தில் நான் இரண்டு தட்டு தட்ட வேண்டும். போதும் என்று அதற்கு அர்த்தம். அந்த இரண்டு தட்டு கேட்காமல் கூடத்தைக் கீழே வைக்க மாட்டான். தோள் கழன்றாலும் வைக்க மாட்டான். அது தொழில் மரியாதை.

நான்கு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு பவர் ஹாமர் வாங்கினேன். கரண்டில் ஓடும் சம்மட்டி. கொண்டுவந்து இறக்கிய அன்று அண்ணனும் நானும் ஒரு பட்டையைப் பாதி அடித்திருந்தோம். மெக்கானிக் வயரை மாட்டிவிட்டு “போட்டுப் பாருங்க” என்றான். நான் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டேன். அது அடிக்க ஆரம்பித்தது. அண்ணன் கூடத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

“லே, அப்ப நான்?” என்றான்.

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

கூடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனவன், ஒரே ஒரு தடவை திரும்பி வந்தான். வாசலில் நின்று மிஷினைப் பார்த்தான். “நல்லா அடிக்குதே உனக்க மிஷின். ஆனா அதுக்கு வாயில்ல பாத்தியா. உன்ன நாலு வார்த்த ஏசறதுக்கு ஆளில்லாமப் போச்சு.” சிரித்தான். போகும்போது கேட்டான், “எனக்கு எதாவது வேல இருக்குமாடே?”

“பின்ன பாக்கலாம்ணே” என்றேன்.

அவன் மனைவி ராகேலின் ஊர் வித்துரா பக்கம். அங்கே போய் ஒரு கல்குவாரியில் சேர்ந்தான். ஐம்பத்திரண்டு வயதில் கல் உடைக்கப் போனான். எட்டாவது மாதம் பாறை சரிந்து அவன்மேல் விழுந்தது. ஸ்பாட்டிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். அடக்கத்தில் ராகேல் மைனி என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் நானும் அந்த வாசலுக்குப் போகவில்லை.

இந்த மூன்று வருடமும் எனக்கு ஒரே கேள்விதான். அண்ணன் என்னைச் சபித்துவிட்டுச் செத்தானா? தூங்கும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். என் மனைவி ஜினியிடம்கூடக் கேட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் இருக்கும் சாம்பசிவன் சார், கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். ஏதோ கண்காட்சிக்காக ஒரு படத்தோடு வந்தார். படத்தில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிசாக ஒரு சாமான். முக்கோணமாக மூன்று பட்டை. முனை மட்டும் கூர்மை.

“இது கத்தியா ஊசியா சார்?”

“ரெண்டும்தான். அறுநூறு வருஷம் முந்தி ஐரோப்பாவில இருந்தது. வெட்டு வாயே கிடையாது. இதை வெச்சு வெண்டைக்காய்கூட நறுக்க முடியாது, கேட்டேளா.”

“பின்ன என்னத்துக்கு?”

“ஒடம்பு பூரா இரும்புச் சட்டை போட்டுண்டு சண்டைக்கு வருவா. வாள் ஏறாது. அக்குள்ல, கண்ணுக்கு விட்ட இடுக்குல, சட்டை மூடாத எடத்துல இதை எறக்கணும்.”

“கொலக்கத்தி.”

“அப்படியும் சொல்லலாம். ஒருத்தன் அடிபட்டு விழுந்து கெடக்கான். பொழைக்க மாட்டான். வலியில துடிக்கறான். அவனை அப்படியே விட்டுட்டுப் போறது பாவம்னு இதால முடிச்சு வெப்பா. பிரெஞ்சுக்காரன் இதுக்குக் கருணைன்னே பேர் வெச்சிருந்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்திக்கு நாங்கள் வைக்கும் பேர்களில் இது இல்லை.

“ஒரு கண்டிஷன்” என்றார். “முழுக்கக் கையடி. உங்க மிஷின் தொடப்படாது. எத்தனை சூடு காய்ச்சினேள், எத்தனை மணிக்கு, எல்லாம் ஒரு தாள்ல எழுதி வெச்சுடுங்கோ. பக்கத்துல சீட்டு வைக்கணும்.”

“தனியாளா அடிச்சா இருவது சூடு ஆகும் சார்.” ஒரு தடவை காய்ச்சி, ஆறும்வரை அடிப்பது ஒரு சூடு.

“ஆகட்டுமே. அந்தக் காலத்துல அவாளுக்கு என்ன அவசரம்?”

“அவாளுக்கு அவசரமில்ல. எனக்க தோளுக்கு உண்டு.”

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஹர்த்தால் வந்தது. பஸ் இல்லை, கடை இல்லை. சாலை பஜாரே செத்துக் கிடந்தது. மழை வேறு. காலையிலேயே கரண்டும் போய்விட்டது. மிஷினை ஓட்ட முடியாது. சரி, சாருடைய வேலையை முடித்துவிடலாம் என்று போனேன். கரி நனைந்திருந்தது. கையால் சுற்றும் விசிறியைத்தான் சுற்ற வேண்டியிருந்தது. பட்டை பழமாகச் சிவக்க வெகுநேரம் ஆனது. மொபைலைப் பார்த்து எழுதினேன். முதல் சூடு: 1.20.

இரும்பை அடைகல்லில் வைத்தேன். பழக்கதோஷம். அடிப்பதற்குப் பதிலாக ஒரு தட்டு தட்டினேன்.

டிங்.

டம்.

கேட்டது. தெளிவாகக் கேட்டது. ஆற்றுக்கு அக்கரையில் யாரோ தகரத்தை அடிக்கிறான் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். பாலத்தில் ஒரு நாய் மட்டும் நனைந்துகொண்டு நின்றது. வேறு ஆள் இல்லை. திரும்பி வந்து என் போக்கில் அடித்து, ஆறியதும் மறுபடி உலையில் வைத்தேன்.

இரண்டாவது சூடு: 1.43. தட்டினேன். டம். இந்தத் தடவை அடைகல் அதிர்ந்தது, என் முட்டியில் தெரிந்தது. இரும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் சுத்தியலின் முகம் ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். இரும்பில் இருந்த தழும்பு மூன்று விரல் அகலம். தட்டையாக, சுத்தமாக விழுந்திருந்தது. அப்படி ஒரு தழும்பைக் கூடத்தால் மட்டும்தான் போட முடியும். என் பட்டறையில் கூடம் கிடையாது. அண்ணன் போகும்போது தோளில் வைத்து எடுத்துப் போய்விட்டான்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சிவந்த இரும்பை விட்டுவிட்டு ஓட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது சூடு: 2.04. தட்டிவிட்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அடிக்கவில்லை. எதுவும் இறங்கவில்லை. ஆனால் இரும்பு அமுங்கியது. மாவு அமுங்குகிற மாதிரி. பொறி பறந்தது.

பொறியைத்தான் பார்த்தேன். நாலு பக்கமும் பறக்க வேண்டிய பொறி. என் பக்கம் பறந்தது. இடது பக்கம் பறந்தது, வலது பக்கம் பறந்தது. எதிர்ப் பக்கம் மட்டும்... முழங்கால் உயரத்தில் எதன்மேலோ பட்டுக் கீழே விழுந்தது.

அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

ஐந்தாவது சூடு: 2.46. தரையைப் பார்த்தேன். சிவந்த இரும்பை அடிக்கும்போது கருப்புச் செதில் உரிந்து சுற்றிலும் தெறிக்கும். தரை முழுக்கச் செதில் விழுந்து கிடந்தது. எதிர்ப் பக்கத்தில் இரண்டு இடத்தில் மட்டும் விழவில்லை. இரண்டும் பாத அளவு. இடது பாதம் கொஞ்சம் முன்னால். அண்ணன் அப்படித்தான் நிற்பான்.

“அண்ணே...” என்றேன்.

இரும்பைத் திருப்பிப் பிடித்தேன்.

டிங் என்று தட்டினேன்.

டம்.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் அந்தத் தாளம் பழைய தாளம். இருபத்திரண்டு வருடத் தாளம். ஒரு முடி இடம் தவறவில்லை. நான் தட்டிய இடத்தில் விழுந்தது. நான் இரும்பைத் திருப்பினால் காத்திருந்தது. இரும்பு உலையில் இருக்கும்போது சத்தமே இல்லை. வெளியே எடுத்ததும் ஆரம்பித்தது. நான் அழுதுகொண்டே அடித்தேன். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது?

இருபது சூடு ஆக வேண்டிய வேலை ஓடியது.

ஒன்பதாவது சூடு: 4.11. மூச்சு கேட்க ஆரம்பித்தது.

கூடம் அடிக்கிறவன் விடும் மூச்சு. ம்ஹ்... என்று. அண்ணனுடையதுதான். ஆனால் ஒழுங்காக இல்லை. பாதியில் அறுந்தது. ஏதோ பாரம் நெஞ்சில் இருக்கிறவன் இழுக்கிற மாதிரி...

பத்தாவது சூடு: 4.32.

ம்ஹ்... டம்.

ம்ஹ்... டம்.

பதினோராவது சூடு: 4.52. அதோடு முடிந்தது. மூன்று பட்டையும் நேராக, முனை ஊசியாக, சார் கொண்டுவந்த படம் மாதிரியே இருந்தது. கத்தியைச் சாம்பலில் செருகி ஆறவிட்டேன். சுத்தியலைத் தரையில் போட்டேன்.

டம்.

வெறும் அடைகல்லில் விழுந்தது.

டம்.

இரும்பு முக்கும் தொட்டித் தண்ணீர் குலுங்கியது.

நிறுத்தவில்லை. ஓர் அடி. கொஞ்சம் இடைவெளி. இன்னோர் அடி. அந்த இடைவெளியில் மூச்சு. வலியில் இழுக்கும் மூச்சு.

டம்...

ம்ஹ்...

டம்...

காதைப் பொத்திக்கொண்டேன். காலில் கேட்டது. அப்போதுதான் புரிந்தது. நாலு வருடம் மிஷினோடு வேலை செய்து எனக்கு அந்த வழக்கமே மறந்து போயிருந்தது. நான் போதும் என்று தட்டவில்லை. இன்றைக்கு மட்டுமில்லை. மிஷின் வந்த அன்றும் தட்டவில்லை. ஸ்விட்சைப் போடப் போய்விட்டேன்.

தட்ட மனம் வரவில்லை. தட்டினால் போய்விடுவான்.

ம்ஹ்...

அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

சுத்தியலை எடுத்தேன்.

அடைகல் ஓரத்தில்... இரண்டு தட்டு.

நின்றது.

மழை மட்டும் பெய்தது. மொபைலைப் பார்த்தேன். 5.05. தாளில் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அந்த ஒரு வரி மட்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சாம்பசிவன் சார் ஆட்டோவில் வந்தார். கத்தியைக் கையில் எடுத்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். கண்ணாடியைத் தூக்கிவிட்டு அடித்தழும்பைப் பார்த்தார். தாளில் இருந்ததை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

“வன்னியராஜ், தனியா அடிக்கறேன்னு சொன்னேளே? இதுல ரெண்டு மாதிரி அடி இருக்கு. ஒண்ணு சின்னது. ஒண்ணு அகலம். கூட யாரு?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “எனக்க அண்ணன்” என்றேன்.

“பேஷ். அவர் பேரையும் சீட்டுல போட்டுடலாம். பேர் என்ன?”

“ராஜமணி.”

எழுதிக்கொண்டார். ஆட்டோவில் ஏறும்போது சொன்னார், “தெறப்பு விழாவுக்கு அவரையும் கூட்டிண்டு வாங்கோ. மறக்கப்படாது.”

பட்டறையை அப்படியே பூட்டினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வித்துராவுக்குப் பஸ் ஏறினேன்.

மைனி ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து வாளி கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“வழி தெரிஞ்சுதாக்கும்.”

“மைனி, ஒண்ணு கேக்கணும்.”

“மூணு வருசம் கழிச்சா? கேளுங்க.”

“அண்ணன்... உடனே போயிட்டானா?”

கை நின்றது. “ஆரு சொன்னா?”

“ஆரும் சொல்லல்ல.” நேற்று நடந்ததைச் சொன்னேன். தாளை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முதல் வரியில் விரலை வைத்தாள். கடைசி வரி வரைக்கும் விரல் மெல்ல மெல்ல இறங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஸ்பாட்டுன்னு சொல்லச் சொன்னது நான்தான்” என்றாள்.

“ஏன் மைனி?”

“ஒங்களுக்குத் தெரிஞ்சா உலையை அணைச்சிட்டு உக்காந்துருவிய. அவிய அதுக்குச் சம்மதிக்க மாட்டாவ.”

பிறகு கேட்காமலே சொன்னாள். பாறைகளுக்குள் அண்ணன் மூடிப் போயிருக்கிறான். ஆள் தெரியவில்லை. குரல் வெளியே வரவில்லை. கையில் சுத்தியல் இருந்திருக்கிறது. அந்தச் சத்தம் மட்டும் வந்திருக்கிறது. தகவல் கேட்டு மைனி ஓடி, அந்தப் பாறையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“நான் போகும்ப ஒண்ணு இருவது. அப்பதான் தொடங்கினாவ. ஒரு அடி. கொஞ்சம் விடுவாவ. பின்ன ஒரு அடி. மாட்டிக்கிட்டவன் படபடன்னுல்லா அடிப்பான், இந்த ஆளு என்ன இப்படி நிறுத்தி நிறுத்தி அடிக்கான்னு கூட நின்னவனுவ கேட்டானுவ. நான் வாயத் தொறக்கல்ல. இருவத்திரண்டு வருசம் நான் கேட்ட சத்தமில்லியா? நடுவுல ஆருக்க தட்டுக்கு எடம் விடுகாவன்னு எனக்குத் தெரியாதா?”

நானும் கீழே உட்கார்ந்தேன்.

“கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. போயிட்டாவன்னு அழுவேன். பின்னயும் தொடங்கும். நான் விரல் விட்டு எண்ணிட்டிருந்தேன்.”

“எத்தன தடவ?”

தாளைப் பார்க்காமல் சொன்னாள். “பதினொண்ணு.”

மூன்று வருடமாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “மைனி, அவன் என்ன ஏசினானா? சாபம் போட்டானா?”

“ஏசினாவ. அந்த மிஷினை. ஒங்கள ஏசல்ல.” மூக்கைச் சிந்தினாள். “ராத்திரி குடிச்சிட்டு வந்தா சொல்லுவாவ, ‘அவன் இன்னும் போதும்னு தட்டல்ல ராகேலு. வேல பாதியில நிக்குது. என்னைக்காவது தட்டுவான், அப்பம் கூடத்தக் கீழ வைப்பேன்’னு. பைத்தியம்னு நான் சிரிப்பேன்.”

நான் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“கடைசியில எப்படி மைனி? சத்தம் கொறஞ்சு கொறஞ்சு...?”

“கொறயல்ல. அதான் எனக்கு இப்பவும் வெளங்கல்ல. நல்ல பெலமாத்தான் அடிச்சாவ. டக்குன்னு நிறுத்திட்டாவ. அஞ்சு அஞ்சு. மொபைலையே பாத்துட்டிருந்தேன். ஆரோ நிறுத்துன்னு சொன்னது போல. காலு ரெண்டும்தான் நசுங்கிருந்து. இன்னும் கொஞ்ச நேரம் மூச்சப் பிடிச்சிருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு.”

“கிரேன் எப்ப வந்து?”

“அஞ்சரைக்கு.”

மைனி எனக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் குடித்தேன். போகும்போது வாசல் வரைக்கும் வந்தாள். “அடுத்த ஞாயிறு ஜினியக் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

நடந்ததைச் சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. முதல் சூட்டிலிருந்து பதினோராவது சூடு வரை எல்லாம் சொன்னேன். கடைசியாக நான் தட்டிய அந்த இரண்டு தட்டை மட்டும் சொல்லவில்லை.

இன்றுவரை சொல்லவில்லை.